வெயிலில் நிற்கத் தகுதி

எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பேர். எட்டுப் பேர் கூரைக்குக் கீழே, காவலாளி மட்டும் வாசல் கேட்டில். பதிவறை எழுத்தரை நிலவறையார் என்போம். இருபது வருடமாகக் கட்டிடத்தின் அடித்தளத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில், பழைய கோப்புகளோடு குடித்தனம் நடத்துகிறவர். அவருக்கு எலும்பெல்லாம் வலி. படியேறும்போது மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, வைட்டமின் டி ரொம்பக் குறைவு, மாத்திரையோடு தினமும் இருபது நிமிடம் வெயிலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு மேலாளரிடம் போனார். மேலாளர் மேசையில் ஏ முதல் கே வரை வைட்டமின் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். வருகிறவர்கள் பார்ப்பதற்கு.

"தினம் இருபது நிமிஷம் வெளிய போய் நிக்கணும் சார்."

"எதுக்கு?"

"வெயிலுக்கு."

"உமக்கு மட்டும் குடுத்தா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? எல்லார் ரத்தத்தையும் பாப்போம்."

பார்த்தார்கள். இருபது இருக்க வேண்டும். நிலவறையாருக்கு ஒன்பது. மேலாளர் உட்பட எங்கள் ஏழு பேருக்கும் ஆளுக்குப் பத்தொன்பது. காவலாளிக்கு நாற்பத்து நான்கு. மேலாளர் எல்லாவற்றையும் கூட்டி ஒன்பதால் வகுத்தார். இருபதைத் தாண்டியது. "இவ்வலுவலகத்தில் வைட்டமின் குறைபாடு ஏதுமில்லை எனவும், மனுதாரரின் வலி ஆதாரமற்றது எனவும் இதனால் தெரிவிக்கப்படுகிறது" என்று ஆணை வந்தது.

நிலவறையார் ஆணையோடு மாடியேறினார். "என் வலி எனக்குத் தெரியாதா சார்?"

"உம்ம பங்கு காவலாளிகிட்ட இருக்கு. ஆபீஸை விட்டு எங்கயும் போயிடலையே."

அலுவலகத்தின் மானத்தைக் காப்பாற்றிய காவலாளிக்குப் பதவி உயர்வு அளிக்கப்பட்டது. பதிவறை உதவியாளர், அடித்தளம்.

நிலவறையார் மறுபடி மாடியேறினார். "சம்பளம் கொறஞ்சாலும் பரவால்ல சார். வாசல்ல என்னைப் போடுங்க."

மேலாளர் அனுதாபத்துடன் கோப்பைப் புரட்டினார். "அந்த வேலைக்கு இப்போ தகுதி வெச்சாச்சு. வைட்டமின் டி நாப்பத்திநாலு இருக்கணும். உமக்கு ஒம்பதுதானே?"

மறுநாள் காலை ஒன்பது பேரும் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றோம். முந்தின நாள் கடைசியாகப் பூட்டிய காவலாளியின் பையில்தான் சாவி இருந்தது.

"தொறக்கட்டுமா சார்?"

"நீர் இப்போ பதிவறை உதவியாளர். கேட்டைத் தொடக்கூடாது."

"அப்ப வேற யார்கிட்டயாவது சாவியைக் குடுக்கட்டுமா?"

"தகுதி உள்ளவங்க யாரு இருக்கா?"

யாருமில்லை. வெயில் ஏறியது. மனுப் போட்டும் கிடைக்காத வெயில், கையெழுத்தில்லாமல், முத்திரையில்லாமல் கொட்டியது. நாங்கள் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மதிலோரம் ஒரு முழ நிழல் இருந்தது. மேலாளரை முன்னே விட்டு, எட்டுப் பேரும் இடித்துக்கொண்டு அதில் ஒண்டினோம். "என்ன வெயில், மண்டையைப் பொளக்குது" என்று அலுத்துக்கொண்டோம்.

நிலவறையார் மட்டும் நடுத்தெருவில் சட்டைக்கையை மடித்துவிட்டு, கண்ணை மூடி நின்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரைப் பார்க்கிறேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இருபது நிமிடம் ஆனதும் மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, என் முதுகையே மேசையாக்கி எழுதினார். அனுமதியின்றி வெயில் அனுபவித்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ.

சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார். ஏழு பேரும் போட்டோம், நிழலை விட்டு நகராமலே.