இரட்டைப்படைத் தேதிக்காரர்

செகண்ட்ஸ் அண்ணனிடம் பாஸான பொருள் திருப்பூரில் ஒன்றுகூடக் கிடையாது. பாஸான மனிதரும் கிடையாது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் அதைக் காட்டும்படி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். சரிசெய்ய முடிந்தால் ஆல்ட்ரேஷன், முடியாவிட்டால் செகண்ட்ஸ் என்று கழித்துவிடுவார்கள். வேலையை விட்ட பிறகும் அவர் சட்டைப் பையை விட்டு அந்த அம்புகள் போகவில்லை.

எங்கள் வீதிக் கல்யாணம் ஒன்றில், தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளையின் தோளில் அம்பை ஒட்டினார். “தையல் விட்டிருக்குதுங்க.” ஆல்பத்தை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தாறு படங்களில் அம்பு இருக்கிறது.

எனக்கு இருதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த சமயத்தில் அவருக்கும் மாரடைப்பு வந்தது. செக்கப்புக்குச் சேர்ந்தே போனோம். அவர் சட்டையைக் கழற்றினார். நெஞ்சில் ஓர் அம்பு, விலாவில் ஒன்று, முதுகில் ஒன்று. முதுகில் இருந்தது மனைவி ஒட்டியதாம்.

“என்னங்க இது?” என்றார் டாக்டர்.

“டேமேஜ் எங்கெங்கன்னு நீங்க தேடிச் சிரமப்பட வேண்டாம் பாருங்க.”

டாக்டர் சிரித்தார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “ஆபரேஷன் தாங்காதுங்க. மாத்திரை போட்டுக்குங்க, சமதரையில மெல்ல நடங்க.”

“ஆல்ட்ரேஷனுக்கே வழியில்லீங்களா?”

டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதத் தொடங்கினார். வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம், “கேட்டீங்களா சார், நானே செகண்ட்ஸுங்க” என்றார்.

டாக்டர் சொன்னது சமதரையில் நடக்க. இவரோ ஊருக்குத் தெற்கே கரடு என்கிற பாறைக் குன்றில் ஏறத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். “துணியை இழுத்துப் பாத்தாத்தானுங்க ஓட்டை தெரியும்.”

கரட்டு உச்சியில் ஒரு வேல் நட்டிருக்கிறது. நோய்க்கு முன்பு போல மறுபடி ஒருமுறை நடந்துபோய் அதைத் தொட்டுவிட்டால் பிழைத்துக்கொள்வேன் என்று எனக்குள்ளும் ஒரு கணக்கு. துணைக்கு வரட்டுமா என்றதும் சீறினார்.

“ஏனுங் சார், மூச்சு வாங்கறதைக் கூட்டம் கூட்டியா காட்டுவாங்க? ஒத்தைப்படைத் தேதி உங்களுக்கு, ரெட்டைப்படை எனக்கு.” மறுநாளே டீக்கடையில் மடக்கினார். “முப்பத்தொண்ணும் ஒண்ணும் அடுத்தடுத்து உங்களுக்கே வருதுங்க. இது அநியாயமுங்க!”

அதன்பின் கரட்டில் நான் பார்த்ததெல்லாம் அவருடைய அம்புகளைத்தான். முதல் அம்பு வேலுக்கு அருகில், ஒரு பாறையில். அடுத்தது கள்ளிப் புதருக்குப் பக்கத்தில். அதற்கடுத்தது இன்னும் கீழே.

“பாறையில என்னங்க டேமேஜ்?” என்று கேட்டேன்.

“பாறையில இல்லீங்க சார். நான் மூச்சு முட்டி உக்காந்த இடமுங்க அது.”

அவருடைய அம்புகள் இறங்க இறங்க நானும் இறங்கிக்கொண்டிருந்தேன். கள்ளிப் புதருக்கு மேல் என் நெஞ்சும் விடவில்லை. சில நாட்கள் அவரைவிட ஒரு பாறை மேலே உட்கார்ந்தேன். அற்ப சந்தோஷம். பிறகு அதுவும் போயிற்று. கடைசி அம்பு அடிவாரத்துப் புளியமரத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அன்று நான் ஏறாமலே திரும்பிவிட்டேன்.

அந்த வாரமே தூக்கத்தில் போய்விட்டார். புதுப் பனியன் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கழுத்துத் தையல் கோணலாக இருந்தது. அவர் எழுந்து அம்பு ஒட்டுவார் என்று பாடை கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாஸ் செய்த ஒரே உருப்படி அதுதான்.

எனக்கு இனி அந்த வேல் எட்டாது. இப்போதெல்லாம் புளியமரத்தடிவரை போகிறேன், மூச்சு அடங்கும்வரை உட்கார்கிறேன், வருகிறேன். கரடு எல்லா நாளும் எனக்கே என்று ஆகிவிட்டது. இருந்தாலும் இரட்டைப்படைத் தேதிகளில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.