குளிக்கப் போனவரின் பதில்

வடிவு லாட்ஜ்,
ஐந்தருவி ரோடு, குற்றாலம்.
வைகாசி கடைசி வெள்ளி.

அன்பும் அடக்கமும் உள்ள கொழுந்தன் சுபாஷுக்கு, உன் மதினி வடிவம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் லாட்ஜும் மாடித் தொட்டியும் நல்ல சுகம். மோட்டார் மட்டும் தண்ணீர் எடுக்கும் முன் கொஞ்சம் இருமுகிறது. பெங்களூரில் நீயும் மஞ்சுவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க குற்றாலநாதரை வேண்டிக்கொள்கிறேன். நான் படித்தது இலத்தூர் பள்ளிக்கூடத்தில் அஞ்சாங் கிளாஸ் வரைதான். எழுத்து விட்டுப்போன இடத்தில் நீயே போட்டுப் படித்துக்கொள்.

விஷயம் என்னவென்றால், உன் அண்ணனுடைய ஈமெயிலை மூடுவது பற்றி. "மதினி, மூடுறது ஒரு நிமிஷ வேலை. ஆனா இப்ப ஓனர் நீங்க. நீங்க எழுத்து மூலமா அனுமதி குடுத்தாத்தான் நான் மூடுவேன்" என்று போனில் சொன்னாய். அண்ணன் பெண்டாட்டியிடமே எழுத்து கேட்கிற அளவுக்கு உன் கம்பெனி உன்னைப் பழக்கி வைத்திருக்கிறது, நல்லது. ஒரு வரி போதும் என்றாய். ஒரு வரியில் எழுதினால், இந்தப் பொம்பளைக்கு என்ன கல்மனசு, புருஷன் பெட்டியை இப்படிப் பட்டென்று மூடச் சொல்லுகிறாளே என்று உனக்குத் தோன்றும். அதனால் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சீசனில் உன் அண்ணன் உட்கார்ந்து மெயிலுக்குப் பதில் எழுத மாட்டார். பாதி நேரம் கவுண்டர், பாதி நேரம் அருவி. அதற்காக நீதான் ஆட்டோ ரிப்ளை என்று ஒன்றைக் காட்டிக்கொடுத்தாய். யார் மெயில் போட்டாலும் பதில் தானாகப் போகும். அவர் சாப்பாட்டைக்கூட ஆறவிட்டு, யோசித்து யோசித்து இப்படி எழுதினார்: "வணக்கம். தண்ணி நல்லா விழுது. ரூம் இருக்கு, தைரியமா வாங்க. நான் ஒரு குளியல் போட்டுட்டு வந்து மத்த விவரம் சொல்லுதேன். இப்படிக்கு, சொரிமுத்து." நம் மேனேஜர் செந்தில்வேல் அதைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, பிசினஸ் மெயில்ல குளியல் எதுக்கு?" என்றான். "ஏலே, குத்தாலத்துல லாட்ஜ் வச்சிருக்கவனே குளிக்கலன்னா எவம்லே நம்பி வருவான்" என்றார்.

ஐயப்ப சாமிமார் வருகிற சீசனுக்காக அதைப் போட்டார். தையில் அவரே போய்விட்டார். அதைப் பற்றி நான் எழுதவில்லை, நீயும் வந்து நின்றவன்தானே. போஸ்டர் ஒட்டினோம், சொந்தபந்தத்துக்கு ஆள் அனுப்பினோம், கேஸ் சிலிண்டர்காரர் வரைக்கும் சொன்னோம். ஈமெயிலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

சித்திரையில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மெயினருவியில் பாறை காய்ந்து, குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக தோளில் துண்டோடும் கையில் எண்ணெய்ப் பாட்டிலோடும் வந்து இறங்குகிறார்கள். செந்தில்வேல், "சீசன் இன்னும் வரலியே சார்" என்கிறான். "உங்க முதலாளி நேத்துதானே மெயில் போட்டாரு" என்று போனை நீட்டுகிறார்கள். வாங்கிப் பார்த்தால் உன் அண்ணன். தண்ணி நல்லா விழுதாம். நேற்றுத் தேதி போட்டு வந்திருக்கிறது.

பீரோவில் இருந்த அவர் போனை எடுத்து சார்ஜ் போட்டோம். அது அவர் பெருவிரலைக் கேட்டது. என் பெருவிரலை வைத்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் ஒரே சட்டிச் சோறு தின்றிருக்கிறோம், விரல் மட்டும் வேறாம். சரி, நம்பர் போடு என்றது. கல்யாணத் தேதி, லாட்ஜ் திறந்த தேதி, உன் பிறந்த தேதி எல்லாம் போட்டுப் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து வா என்று எங்களை விரட்டிவிட்டது. போனை சுவிட்ச் ஆஃப் செய்தேன். மறுநாளும் பதில் போயிருக்கிறது. சிம்மைக் கழற்றி அவர் படத்துக்கு முன்னால் திருநீற்று மரவைக் கிண்ணத்தில் வைத்தேன். அப்போதும் போயிருக்கிறது. வெறும் போனைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். "அக்கா, அரிசிக்குள்ள இருந்தும் அண்ணாச்சி பதில் போடுதாங்க" என்று செந்தில்வேல் டிரம்மைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த டிரம்மில் அரிசி அளக்க எனக்கே கை கூசியது.

தென்காசியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஹஸீபாவிடம் கொண்டுபோனேன். அவள் போனைத் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, "அக்கா, இதக் கெணத்துல போட்டாலும் பதில் போவும். அந்த மெயிலு போன்ல இல்ல, சர்வர்ல இருக்கு" என்றாள்.

"அது எங்கனட்டி இருக்கு?"

"சிங்கப்பூர்ல இருக்கும், இல்லன்னா பாம்பேல இருக்கும். சரியாச் சொல்ல முடியாது."

"அவருக்கு சங்கரன்கோயிலத் தாண்டுனாலே சாப்பாடு சேராது. சிங்கப்பூர்ல என்னட்டி செய்தாரு?"

ஹஸீபா சிரிக்கவில்லை, அவளும் வாப்பாவைப் பறிகொடுத்தவள். ஒரு தாளை எடுத்துப் பெட்டி பெட்டியாகப் படம் வரைந்தாள், கோடு கோடாக இழுத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க அது நம் லாட்ஜ் பைப் லைன் மாதிரியே இருந்தது. "மாடித் தொட்டிதானட்டி இது? போனுங்கது ரூம்ல இருக்கிற கொழாய். கொழாய அடைச்சா தொட்டியில தண்ணி அப்படியே நிக்கும், அடுத்த ரூம்ல வரும்" என்றேன். "அதேதான் அக்கா. அந்தத் தொட்டி வால்வு உங்க கொழுந்தன் கையில இருக்கு. அவருதான் அட்மின்" என்றாள்.

இதை நீ ஏன் இத்தனை நாள் இப்படிச் சொல்லவில்லை? நீ டொமைன் என்றாய், சிங்க் என்றாய், நான் புரியாமல் தலையை ஆட்டினேன், போனில் தலையாட்டினால் உனக்குத் தெரியவா போகிறது. இப்போது எல்லாம் தெளிந்துவிட்டது. சிங்க் என்றால் எல்லா ரூம் குழாயிலும் ஒரே தொட்டித் தண்ணீர். பேக்கப் என்றால் கரண்ட் போகும் நாளுக்குக் கீழே வைத்திருக்கிற சிமெண்ட் தொட்டி. ஸ்பேம் என்றால் பாசி. க்ளவுட் என்றால் மேகம்தானாம், அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய தைரியம் வந்துவிட்டது. மேகத்தை நம்பிப் பிழைப்பு நடத்துவது நமக்கென்ன புதிதா.

அடுத்து வந்தது அந்த டிராவல்ஸ் கம்பெனி கூத்து. அவர்களிடமும் ஒரு ஆட்டோ ரிப்ளை இருந்திருக்கிறது. "உங்கள் மடல் கிடைத்தது, விரைவில் தொடர்புகொள்வோம்" என்று அது சொல்ல, "தண்ணி நல்லா விழுது" என்று இவர் சொல்ல, "உங்கள் மடல் கிடைத்தது" என்று மறுபடி அது சொல்ல, பகல் முழுக்க இரண்டும் பேசிப் பேசி, பெட்டி நிறைந்து, வேறு ஆட்களின் மெயில் உள்ளே வர இடமில்லாமல் திரும்பிப் போயிற்று. உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான், பேச ஆள் கிடைத்துவிட்டால் வாசலை மறித்துக்கொண்டு நிற்பார், பின்னால் வருகிறவன் பெட்டியோடு வெயிலில் நிற்பான். நீதான் அங்கிருந்தே பெட்டியைக் காலி செய்து, ஒரே ஆளுக்கு வாரத்துக்கு ஒரு பதிலுக்கு மேல் போகாது என்று கட்டுப்பாடு போட்டாய். அதைச் சோதித்துப் பார்க்க நீ ஒரு மெயில் போட்டு, "தைரியமா வாங்க" என்று அண்ணனிடமிருந்து பதில் வந்ததும் மறுநாள் நீ ஆபீசுக்குப் போகவில்லை என்று மஞ்சு சொன்னாள். அவர் ரூமுக்குத்தான் கூப்பிட்டார், தம்பி. வேறெங்கும் கூப்பிடவில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. தாம்பரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ரிட்டயர்டு டீச்சர்மார் வந்து இறங்கினார்கள். கூட்டி வந்தவர் குழல்வாய்மொழி டீச்சர், பூர்வீகம் தென்காசிதானாம். வந்த வேகத்தில் கவுண்டரில் தட்டி, "எங்க அந்த சொரிமுத்து? எந்தத் தண்ணியில குளிக்காருன்னு நானும் பாக்கணும். வரச்சொல்லுங்க, குளிச்சது போதும்" என்றார்.

"இன்னும் வரல டீச்சர்" என்றேன். பொய் இல்லையே அது.

செந்தில்வேல் சுவரைப் பார்த்தான். டீச்சரும் பார்த்தார். மாலையும் சின்ன பல்பும் போட்டு உன் அண்ணன் அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறார். வேனில் வந்த ஒரு பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"அப்ப எனக்குப் பதில் போட்டது யாரு?" என்றார் டீச்சர்.

"ஆட்டோ ரிப்ளை, டீச்சர்" என்றான் செந்தில்வேல்.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க கல்வி ஆபீசுல உசுரோட இருந்தவங்களே என் லெட்டருக்கு இவ்வளவு மரியாதையாப் பதில் போட்டதில்ல" என்றார்.

அவர் பேரை நம்பி அவ்வளவு தூரம் வந்தவர்கள் தலை நனையாமல் திரும்புவதா? செந்தில்வேலை மோட்டாரைப் போடச் சொன்னேன். லாட்ஜுக்குப் பின்னால் மாடித் தொட்டியைக் கழுவி விடுவதற்கு ஒரு பெரிய பைப் இருக்கிறதே, அதைத் திறந்துவிடச் சொன்னேன். இரண்டு மாடி உயரத்திலிருந்து தண்ணீர் மடேரென்று விழுந்தது. டீச்சர்மார் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அடியில் போய் நின்றார்கள். ஒருவர் முதுகைக் காட்டினார், ஒருவர் வழுக்கைத் தலையைக் காட்டினார். "ஏட்டி, தள்ளுட்டி, நீ வந்ததுலேருந்து நீயே நிக்க" என்று குழல்வாய்மொழி டீச்சரே வரிசையை உடைத்தார். ஆண்கள் முறை, பெண்கள் முறை என்று செந்தில்வேல் போலீஸ் மாதிரி விசில் ஊதினான், அதை யாரும் கேட்கவில்லை. ரோட்டில் போனவர்கள் சீசன் தொடங்கிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்கள். இதற்கு வடிவருவி என்று பேர் வைக்க வேண்டும் என்று டீச்சர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தைக்குப் பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன். "கைய எடுங்கம்மா" என்றார் டீச்சர், வகுப்பில் சொல்வது மாதிரி. எடுத்துவிட்டேன்.

இனி எழுதுவதை மஞ்சுவிடம் சொல்லாதே. நானும் அவருக்கு மெயில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். செந்தில்வேலிடம் கேட்டுப் படித்துக்கொண்டு, கவுண்டர் போனிலிருந்து. "மோட்டார் இருமுது." "மேல் ரூம் கதவு ஒட்டிக்கிட்டுத் திறக்கல." "இன்னைக்கு சொதிக் கொழம்பு வச்சேன்." உடனுக்குடன் பதில் வரும். இருந்த காலத்தில் நான் ஒன்று கேட்டால் பேப்பரை மடித்துவிட்டு அப்புறமாகத்தான் என்ன என்பார். இப்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. தண்ணி நல்லா விழுதாம். போன இடத்தில் வசதியாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போவேன். நீ கட்டுப்பாடு போட்டதும் எனக்கும் பதில் நின்றது. அவருக்குப் படைக்காமல் சொதி வைத்துச் சாப்பிட்டதில் கோபமோ என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது உன் வேலை என்று ஹஸீபா சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் போடுகிறேன்.

ஆனால் என் ஒருத்தி நிம்மதிக்காக ஊரார் எல்லாம் காய்ந்த பாறையைப் பார்க்க வரக்கூடாது. உன் அண்ணன் மற்ற விஷயத்தில் எப்படியோ, தண்ணீர் விஷயத்தில் ஒருவரிடமும் பொய் சொன்னதில்லை. விழவில்லை என்றால் விழவில்லை என்று சொல்லி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு ரூமைப் பூட்டுவார். அப்படிப்பட்டவர் போன பிறகு பொய்யர் என்று பேர் வாங்கக்கூடாது. ஆகவே, வடிவு லாட்ஜ் ஓனர் வடிவம்மாள் ஆகிய நான், அவர் மெயிலை மூட முழுமனதாக அனுமதி தருகிறேன். வால்வை அடைத்துவிடு. எந்தக் கிழமை, எந்த நேரம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

நீயும் மஞ்சுவும் பிள்ளைகளும் தொட்டி வற்றாமல், மோட்டார் இருமாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மதினி,
சொ. வடிவம்மாள்.

பின்குறிப்பு: மேலே கொடுத்த அனுமதி ரத்து. கவரை ஒட்டி கூரியர்காரருக்குக் காத்திருக்கும்போது மலைப் பக்கம் கறுத்தது. சாரல் என்று நினைத்தேன், மழையே வந்துவிட்டது. செந்தில்வேல் நனைந்த கோழி மாதிரி ஓடி வந்து, "அக்கா, ஐந்தருவியில அஞ்சும் விழுது" என்றான். அதனால்தான் கவரைப் பிரித்து எழுதுகிறேன், ஓரம் கிழிந்திருக்கும். இன்றைக்கு வெள்ளிதானே, "தண்ணி வந்துட்டு" என்று அவருக்கு ஒரு மெயில் போட்டேன். "தண்ணி நல்லா விழுது" என்று பதில் வந்தது. அவர் போன பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசினோம். சற்றுமுன் குழல்வாய்மொழி டீச்சர் போன் செய்தார், "சொரிமுத்துவக் கேட்டேன், விழுதுன்னாரு, கெளம்பிட்டோம்" என்கிறார். அதனால் நீ ஒன்று செய். சீசன் முடிகிற வரைக்கும் அவரை இருக்க விடு. ரூம் இருக்கு என்கிற வரியை மட்டும் உடனே எடுத்துவிடு, டீச்சர்மாருக்கும் போனில் கேட்டவர்களுக்குமாக எல்லா ரூமும் நிறைந்துவிட்டது. குளித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னாரே, அந்த வரியில் கை வைக்காதே. நல்ல தண்ணீர், நின்று குளிக்கட்டும்.