எண்கோணச் சங்கத்தின் கடைசி ரசிகர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு சந்திரமோகனின் கைப்பேசியில் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அன்வருதீன் கருவடிக்குப்பத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாராம். அரிகிருஷ்ணனுக்கு வயிறு சரியில்லையாம். இருசப்பன் காரணம் சொல்லக்கூட மெனக்கெடாமல், கையெடுத்துக் கும்பிடும் பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தார்.

சந்திரமோகன் அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்தெட்டு வருடங்களாக விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்து வருகிறவர். உண்மையான வயிற்றுவலி இவ்வளவு நேரம் பார்த்து வராது என்பது அவருக்குத் தெரியும். மூன்று செய்திகளும் நாலே நிமிடத்துக்குள் வந்திருந்தன.

“மூணு பேரும் சேர்ந்து ஏதோ பண்றாங்க ஜெயா,” என்றார் மனைவியிடம்.

ஜெயசித்ரா தோசைக்கல்லை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. “நல்லது. மாவு மிச்சம்,” என்றாள்.

முதலியார்பேட்டையில், தெருவைப் பார்த்த ஜன்னல் வைத்த அவர் வீட்டு ஹாலில் பன்னிரண்டு வருடங்களாக எண்கோணச் சங்கம் கூடி வருகிறது. இரும்புவலைக் கூண்டுக்குள் இரண்டு பேர் குத்தி, உதைத்து, கட்டிப் புரண்டு, கழுத்தை நெரித்து மோதும் எம்.எம்.ஏ. சண்டையைப் பார்ப்பதற்கான சங்கம் அது. கூண்டுக்கு எட்டுப் பக்கம் என்பதால் அந்தப் பெயர். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடப்பது பாண்டிச்சேரிக்கு ஞாயிறு காலையில் வந்து சேரும். தலைவர் சந்திரமோகன், மற்ற மூவரும் உறுப்பினர்கள். டிவி தலைவருடையது என்பதால் தேர்தல் எதுவும் நடந்ததில்லை.

சங்கத்தின் நாகரிகத்தில் அவருக்குத் தனிப் பெருமை. கடைசிச் சண்டை முடிந்ததும் மூவரும் சத்தம் போடாமல், கதவைக்கூட மெதுவாகச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உண்மையான ரசிகன் வளவளவென்று பேசமாட்டான் என்பது அவர் கருத்து. யார் ஜெயித்தார் என்பதை அவர் பதினொரு மணிக்கு மேல் கைப்பேசியில் நிதானமாகச் சரிபார்த்துக்கொள்வார்.

இப்போது அந்த நாற்காலிகள் மூன்றும் காலி. மகன் பெங்களூரில் இருக்கிறான். அலுவலகத்தில் எல்லோரும் அவருடைய கையெழுத்தைக் கேட்பார்களே தவிர, அவர் பேச்சைக் கேட்க ஆள் கிடையாது. வாரத்தில் ஒருநாள், மூன்று மணி நேரம், மூன்று பேர் அவரைத் ‘தலைவரே’ என்று கூப்பிட்டார்கள். அதுவும் போய்விட்டால் வாரத்தில் ஏழு நாளும் திங்கட்கிழமைதான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். இருசப்பன் அங்கே ஒரு மைதானத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டிருந்தவர் தலைவரைப் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

“கோச்சுக்காத தலைவரே. முன்ன மாசத்துக்கு ஒண்ணு வரும், காத்துக் கெடந்து பாப்போம். இப்போ வாரா வாரம் போடறான். எவன் சாம்பியன்னே தெரியல. ஒரு பேரு வாயில நுழையறதுக்குள்ள அடுத்தவன் வந்துடறான். அடிக்கறதவிட பேசறதுதான் ஜாஸ்தி.”

சந்திரமோகனுக்கு இது நியாயமாகப்பட்டது. அதனாலேயே சந்தேகம் வந்தது. இருசப்பன் பன்னிரண்டு வருடத்தில் ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் பேசியதில்லை.

அன்று மாலை கடைத்தெருவில் அன்வருதீனின் துணிக்கடைக்குப் போனார். வாரா வாரம் போடுகிறார்கள், பெயர் வாயில் நுழையவில்லை, வாய்ச்சவடால் அதிகம் என்றார் அன்வருதீன். அரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டார். வயிறு சரியாகிவிட்டதாம். மற்றபடி அதே மூன்று காரணங்கள், அதே வரிசையில்.

மூன்று பேர், மூன்று இடம், ஒரே பதில். யாரோ உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். இதைவிடப் பெரிய டிவி வைத்திருக்கும் எவனோ ஒருவன் சங்கத்தைக் கடத்திவிட்டான். ரசிகனுக்கு ஆசை தானாக விட்டுப்போகும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி செய்தார். ‘வரும் ஞாயிறு ஆட்டுக்கால் பாயா, இடியாப்பம்’ என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். ஜெயசித்ராவிடம் அதன் பிறகுதான் சொன்னார்.

ஞாயிறன்று மூவரும் ஏழே காலுக்கே வந்தார்கள். பாயா சட்டி காலியாகும் வரை சங்கம் பழைய களையோடு இருந்தது. சாப்பாடு முடிந்ததும் மூவரும் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்தார்கள். திரையில் ஒருவன் இன்னொருவனின் கையை முறுக்கிக்கொண்டிருக்க, அரிகிருஷ்ணன் இங்கே மகளின் மாமியார் அனுப்பிய கோலத்துக்கு இதயம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது சண்டை தொடங்கியதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

சந்திரமோகன் அன்று நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து உஷாராக இருந்தார். அவர்கள் கிளம்பிய இரண்டாவது நிமிடம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அன்வருதீனின் வண்டியைப் பின்தொடர்ந்தார்.

அன்வருதீன் மருந்துக்கடையில் நின்றார். பழக்கடையில் நின்றார். பழக்கடையில் ரொம்ப நேரம் நின்றது சந்தேகத்தைக் கிளப்பியது. கடைசியில் கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பி நேராக இவரிடம் நடந்து வந்தார்.

“ஹெல்மெட்ட கழட்டு மோகன். அரை மணி நேரமா எதுக்கு என் பின்னாடி வர?”

“யார் வீடு இது?”

“எம்பொண்ணு வீடு. போன வாரமே சொன்னனே.”

“உள்ள டிவி எவ்ளோ பெருசு?”

அன்வருதீன் பழப் பையைக் கீழே வைத்தார். “பேத்தி கார்ட்டூன் பாக்கற அளவுக்கு. மோகன், நெஜமா ஒண்ணு சொல்லு. உனக்கே அந்தச் சண்ட இன்னும் புடிச்சிருக்கா?”

தலைவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று சந்திரமோகனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்று நாலு வார்த்தை கத்தினார். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார், எதிர்வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். அன்று மாலை ‘அன்வருதீன் வெளியேறினார்’ என்று குழுவில் வந்தது. அடுத்து அரிகிருஷ்ணன் வெளியேறினார். இருசப்பன் கையெடுத்துக் கும்பிடும் பொம்மையைப் போட்டுவிட்டு வெளியேறினார்.

குழுவில் தலைவர் மட்டும் மிஞ்சினார்.

அடுத்த ஞாயிறு தனியாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இன்னா சாரு, இன்னிக்கும் யாரும் வரலியா?”

மீன்காரி சின்னப்பொண்ணு. வீராம்பட்டினத்திலிருந்து அலுமினியப் பேசினில் மீன் கொண்டுவருகிறவள். ஞாயிறுதோறும் ஜன்னலுக்குக் கீழே அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, வாங்கிய மீனைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போவாள். ஜெயசித்ராவுக்கே அவள்மேல் ஒரு சந்தேகம் உண்டு. கால் கிலோ நெத்திலியை ஆய்வதற்கு முக்கால் மணி நேரம் எடுக்கிறாள், நடுநடுவே எழுந்து நின்றுகொள்கிறாள், சில நாள் காரணமே இல்லாமல் பேசினை டமடமவென்று தட்டுகிறாள் என்று குறைப்பட்டிருக்கிறாள். ஆனால் ஒரு கை மீன் கூடுதலாகப் போடுவதால் கண்டுகொள்வதில்லை.

சந்திரமோகனுக்கு இப்போது எல்லாம் பளிச்சென்று புரிந்தது. தெருத்தெருவாகப் போகிறவள். உப்பளத்துக்கும் போகிறவள். இங்கே யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்து அந்தப் பெரிய டிவிக்காரனிடம் போய்ச் சொல்கிறாள். உளவாளியை இத்தனை நாள் தன் ஜன்னலடியில் உட்கார வைத்து, காசு கொடுத்து மீனும் வாங்கியிருக்கிறார்.

மறுநாளே ஜன்னலுக்குத் திரை வாங்கப் புறப்பட்டார். அன்வருதீனின் கடையிலேயே வாங்கினார். வேவு பார்த்தது மாதிரியும் ஆச்சு என்று நினைத்தார். ‘வெளிச்சம்கூடப் போகக் கூடாது’ என்று மட்டும் சொன்னார். அன்வருதீன் இருப்பதிலேயே கனமான கருநீலத் துணியை எடுத்து அளந்து கொடுத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடையில் டிவியே இல்லை என்பது அவருக்குக் கூடுதல் சந்தேகத்தைத் தந்தது.

திரை போட்ட ஞாயிறு, பேசின் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. சின்னப்பொண்ணு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு பேசின் தூக்கும் சத்தம். ஜெயசித்ரா சட்டியோடு வெளியே போனபோது தெரு காலியாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அவள் தெருமுனையோடு திரும்பிவிட்டாள். மூன்றாவது ஞாயிறு தெருவுக்கே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் கத்திரிக்காயைப் பார்த்ததும் சந்திரமோகன் தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

“சங்கரா மீன் வாங்கி மாசம் ஒண்ணாவுது,” என்றாள் ஜெயசித்ரா. “நீங்க தெரை போட்டதுலேர்ந்துதான் அவ வரல. சங்கத்த ஒழிச்சீங்க, சரி. மீன ஏங்க ஒழிக்கறீங்க?”

“அவள அவங்க வெலைக்கு வாங்கிட்டாங்க ஜெயா. எனக்குத் தெரியும்.”

“அப்போ நாலு பேரையும் நேர்ல வெச்சுக் கேளுங்க. அடுத்த ஞாயிறு எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாவணும்.”

அலுவலகத்தில் விசாரணை நடத்திப் பழகியவருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. நண்பர்களை ஜெயசித்ராவே போனில் கூப்பிட்டாள். பாயா சாப்பிட்ட வாய், மறுக்க முடியவில்லை. ஞாயிறு எட்டு மணிக்கு மூவரும் வந்து தங்கள் பழைய நாற்காலிகளில் விறைப்பாக உட்கார்ந்தார்கள். அவர்களை அங்கே பார்த்ததும் சந்திரமோகனுக்கு ஒரு நிமிடம் விசாரணையெல்லாம் எதற்கு, டிவியைப் போட்டுவிடலாமா என்றிருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு சாட்சியைக் கூட்டிவரப் போனார்.

அடுத்த தெருவில் சின்னப்பொண்ணுவைப் பிடித்துவிட்டார். வரமாட்டேன் என்றாள். இரண்டு கிலோ வஞ்சிரம் வாங்குவதாகச் சொல்லிக் கூட்டிவந்தார். அவள் பேசினை வாசலில் இறக்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தாள். வந்ததும் அணைந்திருந்த டிவியை ஒருமுறை பார்த்தாள்.

“பயப்படாம சொல்லு,” என்றார் சந்திரமோகன். “ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இந்த ஜன்னலாண்டதான் உக்காந்திருந்த. எல்லாம் உனக்குத் தெரியும். இவங்க மூணு பேரும் இப்போ யார் வீட்ல சண்ட பாக்கறாங்க?”

மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்வருதீன் மட்டும், வேண்டாம், விட்டுவிடு என்பதுபோல அவளுக்குக் கையால் சைகை காட்டினார். அதைப் பார்த்ததும் சந்திரமோகனுக்குச் சந்தேகம் முழுசாக ஊர்ஜிதமாகிவிட்டது.

“சைகையெல்லாம் வேணாம் அன்வர். அவ சொல்லட்டும்.”

சின்னப்பொண்ணு கருநீலத் திரையை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு மாதமாக அடக்கிவைத்திருந்த கோபம் அவள் குரலில் இருந்தது.

“இவங்க எங்க சாரு சண்ட பாத்தாங்க, போனத்தான் நோண்டுனாங்க, நீங்க மொத சண்டையிலயே வாயப் பொளந்து தூங்கிடுவீங்க, எழுப்பக் கூடாதுன்னு இவங்க பூன மாதிரி எழுந்து போயிடுவாங்க, ரெண்டு வருசமா இந்த வீட்ல சண்ட பாத்தது ஜன்னல்ல நின்ன நான் ஒருத்திதான், அதையும் துணி போட்டு மறைச்சுட்டீங்களே!”