ஜிங்க் அக்காவின் இரண்டு கன்னங்கள்

ஒரகடம் தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும், இரண்டு முகத்தோடு வேலைக்கு வந்தவர் ஜிங்க் அக்கா ஒருவர்தான். தப்பாக நினைக்காதீர்கள். இடது கன்னத்தில் ஒரு கிரீம், வலது கன்னத்தில் இன்னொன்று, அவ்வளவுதான்.

பக்கத்து ஊரான சேரப்பணஞ்சேரிக்காரர். எங்கள் கிரீம் கம்பெனியில் அவருக்குத் தரப் பரிசோதனை, எனக்கு பேக்கிங். சன்ஸ்கிரீனில் கலக்கும் ஜிங்க் பொடி அவர் முகத்தில் எப்போதும் வெள்ளைத் திட்டாக நிற்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

கேட்டில் செக்யூரிட்டி தினமும் மறிப்பார்.

"இன்னாமா, கார்டுல ஒரு கலரு, வர்றது ரெண்டு கலரு?"

"எது புடிக்குதோ அத்த உள்ள வுடு."

மதியம் நாங்கள் நிழலுக்கு ஓடுவோம். அக்கா லாரி நிற்கும் திடலில் போய் உச்சி வெயிலில் நிற்பார். லேபில்தான் மெஷின் இருக்கிறதே என்றால், "மெஷினுக்கு வேர்க்குமா?" என்பார்.

ஒருமுறை பகலில் பூசும் டே கிரீமும் சன்ஸ்கிரீனும் சேர்ந்த புது செட் தயாரானது. தனித்தனியே இரண்டும் பாஸ். அக்கா மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வெளியே லாரி காத்து நிற்க, மேனேஜர் வந்து குதித்தார்.

"கிரீம்ல வழவழப்புக்கு சிலிகோன் ஜாஸ்தி சார். அது மேல சன்ஸ்கிரீன் நிக்காது, உருண்டுகினு வந்துடும். அப்புறம் வெயில எது தடுக்கும்?"

"ரிப்போர்ட்ல அப்படி ஒண்ணும் இல்லையே?"

"ரிப்போர்ட்டுக்கு மூஞ்சி இல்ல சார். உங்களுக்கு கீது. காட்டுங்க."

அவர் முகத்தில் அக்கா முதலில் கிரீம் பூசினார், அதன்மேல் சன்ஸ்கிரீன். நாலு தேய்ப்புதான். ரப்பரால் அழித்த நோட்டுப்புத்தகம் மாதிரி மேனேஜர் மீசையிலிருந்து வெள்ளை உருண்டைகள் உதிர்ந்தன. நாங்கள் அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டுச் சிரித்தோம். லாரி காலியாகத் திரும்பியது.

சிலிகோனைக் குறைத்துப் புதிதாகக் கலக்கினார்கள். அதைச் சோதித்தபோது அக்காவின் வலது கன்னம் சிவந்து வீங்கிவிட்டது. எனக்குப் பதறியது.

"ஏன்க்கா, உங்க மூஞ்சி மேல உங்களுக்கு அக்கறையே இல்லியா?"

"எனக்கு வீங்குனா கம்பெனி டாக்டர் கீறாரு. கடையில வாங்கற பொண்ணுக்கு யாரு கீறா?"

மறுநாள் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு லேப் வாசலில் போய் நின்றேன்.

"இன்னாடா?"

"கன்னம் ஆற வரைக்கும் என் மூஞ்சியில போட்டுப் பாருங்கக்கா."

அக்கா சட்டென்று திரும்பிக்கொண்டார். கண்ணில் சன்ஸ்கிரீன் பட்டு எரிகிறது என்றார்.

அன்று அவர் முகத்தில் எதுவுமே பூசியிருக்கவில்லை.