ரகசியம் சார் காதில் சொன்னது

நாட்டில் காப்பாற்றப்பட வேண்டிய ரகசியம் என்று ஏதாவது இருந்தால், அதை டெல்லியில் வைத்துக்கொண்டு அரசாங்கம் அவதிப்பட்டிருக்கவே வேண்டாம். பேசாமல் ராஜபாளையத்துக்கு பஸ் ஏற்றிவிட்டிருக்கலாம். எங்கள் ரகசியம் சார் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, அப்படி ஒன்று வரவே இல்லை என்று பதில் போட்டிருப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நூலகத்துக்கு வருகிறவர்கள், எதிர்த்த டீக்கடைக்காரர், தபால்காரர், எல்லோருக்கும் அவர் ரகசியம் சார்தான். "மதியத்துக்கு என்ன சார்?" என்று கேட்டால் டிபன் பாக்ஸ் மூடியைச் சாய்த்து மறைத்துக்கொண்டு "இருக்கு, இருக்கு" என்பார். புளிசாதத்தின் வாசனை அதற்குள் வாசலைத் தாண்டியிருக்கும்.

நான் அங்கே உதவியாளராகச் சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். ஓர் அறக்கட்டளை ராஜபாளையத்தில் ஒன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்றுமாக இரண்டு நூலகங்களை நடத்திவந்தது. இரண்டுக்கும் தலைமை ரகசியம் சார். ராஜபாளையத்தில் அவரும் நானும் காவலாளி மாடசாமியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜமால் பாய் ஒற்றை ஆள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஊருக்கு ஒன்றாக இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்கிறது, யார் எடுத்துப் போயிருக்கிறார் என்ற விவரமெல்லாம் இனி இரண்டு ஊருக்கும் பொது என்றார்கள். பொது என்றால் கம்பி வழியாக அல்ல. தினமும் ஒரு ஃபிளாப்பி பஸ்ஸில் போகும், ஒரு ஃபிளாப்பி பஸ்ஸில் வரும். உட்கார இடம் கிடைக்காத நாட்களில் நின்றுகொண்டே வரும்.

இதைப் போட்டுக்கொடுக்க மதுரையிலிருந்து வந்த ஆள், ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டு, தலைமைக்கு மட்டும் 'சூப்பர்வைசர்' என்று தனிப்பெயர் என்று விளக்கினார். மற்றவர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும், தினமும் இரண்டு ஊர்க் கணக்கையும் ஃபிளாப்பியில் ஏற்றுவதும் அந்தப் பெயரால்தான் முடியும்.

"அப்ப இதுக்குள்ள யாரை விடணும், யாரை விடக்கூடாதுன்னு நான்தான் சொல்லணுமோ?" என்று கேட்டார் ரகசியம் சார்.

"ஆமா சார். நீங்க மட்டும்தான்."

மாப்பிள்ளைக் கோலத்தில்கூட யாரும் அவ்வளவு பூரித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து எங்களுக்கு உரிமைகளை வழங்கினார். நானும் ஜமால் பாயும் புத்தகம் கொடுக்கலாம், திரும்ப வாங்கலாம். பட்டியலில் ஒரு எழுத்தையும் அழிக்கக்கூடாது. மாடசாமி தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்.

"ஒனக்கும் ஒண்ணு போட்டிருக்கேன். உள்ள போலாம், பாக்கலாம். ஆனா ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் சார்.

"எங்க வீட்லயும் அப்படித்தான் சார். பரவாயில்ல" என்றார் மாடசாமி.

பாஸ்வேர்டு என்று அவர் சொல்லமாட்டார். 'வார்த்தை' என்பார். திங்கள்கிழமைதோறும் எல்லோருக்கும் வார்த்தை மாறும். புது வார்த்தையை அவரே யோசிப்பார். எழுதித் தரமாட்டார். கூப்பிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, கையைக் குவித்து நம் காதில் சொல்வார். காதில் விழாவிட்டால் இரண்டாம் தடவை இன்னும் மெதுவாகச் சொல்வார்.

ஜமால் பாய்க்கு மட்டும் ஆரம்பத்தில் போனில் சொன்னார். அதற்கு ஆயுசு ஒரே ஒரு வாரம். தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். அந்த வாரத்து வார்த்தை மழை. எங்கள் பக்கத்து வாயில் அது மளையாகத்தான் வரும். சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குசுகுசுவென்று சொன்னதை ஜமால் பாய் மலை என்று அடித்திருக்கிறார். மூன்று தடவை தப்பாக அடித்தால் அந்தப் பெயர் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது.

"மலை இல்ல பாய், மளை. மேல இருந்து வருமே."

"இங்க மலையும் மேலதான் சார் இருக்கு."

"பெய்யுமேய்யா, அது."

"அது வந்து ரெண்டு வருசம் ஆச்சே சார்" என்றார் ஜமால் பாய்.

அன்றோடு போன் ரத்து. ஒரே ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக ரகசியம் சார் திங்கள்கிழமைதோறும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். ஒருமுறை இறங்க நேரமில்லாமல், பஸ் ஸ்டாண்டில் நின்ற ஜமால் பாயின் காதை ஜன்னல் வழியாகப் பிடித்து இழுத்துச் சொன்னாராம். பஸ் மொத்தமும் பேச்சை நிறுத்திக் கவனித்தது. கண்டக்டர் மட்டும், "பெரியவரே, நல்ல சேதிதானே?" என்று விசாரித்திருக்கிறார்.

இவ்வளவு கட்டுக்காவலிலும் ஒரு வார்த்தை இரண்டு ஊருக்கும் தெரிந்திருந்தது. அது அவருடைய சூப்பர்வைசர் வார்த்தை. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கும்போது அவர் வாய் தன்பாட்டுக்கு அதைச் சொல்லும். கே, ஏ, எம், ஏ, எல், ஏ, எம். எங்களுக்கு வாரம் ஒரு வார்த்தை மாற்றியவர், தன்னுடையதை ஒரு தடவைகூட மாற்றவில்லை.

கமலம் அவர் மனைவி. மாதம் ஒருமுறை புத்தகம் எடுக்க வருவார். அவருக்கு உறுப்பினர் அட்டை எழுதியதே நான்தான். யாரோ எவரோ போல சார் நிமிர்ந்து பார்த்து, "உங்க கார்டு?" என்பார். "அவிய சட்டைப் பையிலதான் இருக்கு, எடுத்துக்கோ தாயி" என்று அக்கா என்னிடம் சொல்வார். அந்தப் பெயரை சார் வாய்விட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எழுத்தெழுத்தாகத்தான் கேட்டிருக்கிறேன்.

அவர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தபோது சூப்பர்வைசர் பெயர் பூட்டிக்கொண்டது. அதைத் திறக்க மதுரை ஆள்தான் வர வேண்டும். மூன்று நாள் இரண்டு ஊரிலும் ஃபிளாப்பி ஏற்ற முடியவில்லை. விரல் தவறிப்போச்சு என்றார் சார். அறக்கட்டளைச் செயலாளர் நேரில் வந்துவிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பொறுப்பை வேற ஆளுக்கு மாத்திருவேன். நீங்க முன்னாடியே வீட்டுல போய் ரெஸ்ட் எடுத்துக்கிடலாம்."

சார் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க" என்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பத்து நாள் போயிருக்கும். காலையில் நான் உள்ளே நுழைந்தபோது அவர் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். திரையில் தவறு என்று இரண்டு வரிகள். மூன்றாவது வாய்ப்பு மட்டும் பாக்கி.

"செத்த நேரம் இரும்மா" என்றார். பிறகு, "சூப்பர்வைசர் வார்த்தை என்னன்னு ஒனக்குத் தெரியுமா? தெரியக்கூடாது. தெரியுமான்னு சோதிக்கேன்" என்றார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

விரல் தவறவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சார் மறக்க ஆரம்பித்திருந்தார். வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதைத் தாங்குவதைவிட அவர் வேலையை விட்டுவிட்டே போய்விடுவார்.

"தெரியாது சார்" என்றேன். பையை மேசையில் வைத்துக்கொண்டே, "கமலம் அக்கா சௌக்கியமா சார்?" என்றேன்.

"இருக்கா, இருக்கா" என்றவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். கே, ஏ, எம்.

அன்று முதல் அதுவே என் காலை வணக்கம் ஆனது. ஜமால் பாயிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "எங்க மாமாவுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது" என்றவர், திங்கள்கிழமைகளில் தானும் கேட்க ஆரம்பித்தார். ரகசியம் சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ரெண்டு ஊர்லயும் எங்க வீட்டையே விசாரிக்கீங்க. என்ன, எதும் பேசி வச்சிருக்கீங்களா?" என்று என்னை ஒரு வாரம் முறைத்தார்.

அடுத்த முறை புத்தகம் எடுக்க வந்த அக்கா, அலமாரிக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ தெனமும் என்னைக் கேக்கியாம்ல. அவிய சொன்னாவ." சார் இருந்த பக்கம் எட்டிப் பார்த்தார். "இன்னும் எத்தனை மாசம்?"

"ஏழு மாசம்க்கா."

"கேட்டுக்கோ தாயி. விட்டுறாத" என்றார்.

தை மாதத்தில் கமலம் அக்கா இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர், நான்கே நாள். நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். ஒரு மூலையில் சார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தளவாய்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து அவரோடு தங்கிக்கொண்டாள்.

பதினாறு கழித்து வேலைக்கு வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் என்ன கேட்பது? பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். ஓய்வுக்கு இரண்டு மாதம்தான். விசை அடிக்கும் சத்தமே கேட்கவில்லை.

"ஏம்மா" என்றார் சார். "வீட்டுல எப்படி இருக்கான்னு இன்னைக்கு நீ கேக்கவே இல்லையே?"

மாடசாமி வாசலில் பெருக்குவதை நிறுத்திவிட்டார்.

நான் கேட்டேன். "கமலம் அக்கா சௌக்கியமா சார்?"

"இருக்கா. காலைல உப்புமா பண்ணா. உப்புதான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி அடித்தார்.

அடுத்த இரண்டு மாதமும், வேலை நாள் தவறாமல், செத்துப்போனவரின் சௌக்கியத்தை விசாரித்தேன். சில நாள் அவளுக்கு முழங்கால் வலி என்பார், சில நாள் பரவாயில்லை என்பார். நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் காலையில் மறுபடி கேட்பேன்.

கடைசி நாள் வந்தது. என்னை சூப்பர்வைசராகச் சேர்த்துவிட்டு சார் விடைபெற வேண்டும். செயலாளர் மாலையோடு வந்து எங்கள் பின்னாலேயே நின்றார். சார் உட்கார்ந்து பெயரை அடித்தார். விரல் நின்றது. செயலாளர் அக்காவின் காரியத்துக்கு வந்தவர். அவர் காதில் விழும்படி நான் எப்படிக் கேட்பேன்? பத்து எண்ணுகிற நேரம் ஓடியது. செயலாளர் தொண்டையைச் செருமினார்.

நான் குனிந்து, கையைக் குவித்து, சாரின் காதில் கேட்டேன். "கமலம் அக்கா சௌக்கியமா சார்?"

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு தெளிவான பார்வையை அவரிடம் பல மாதமாக நான் கண்டதில்லை. என் தலையைப் பக்கத்தில் இழுத்து, அவரும் கையைக் குவித்துக்கொண்டார்.

"அவ போயிட்டாம்மா. ரெண்டு மாசம் ஆச்சு. ஒனக்கு யாரும் சொல்லலியா?" என்றார். "அழாத. வெளிய யாருகிட்டயும் சொல்லிக்கிடாத."

பிறகு திரும்பி, ஒற்றை விரலால், ஒரு எழுத்தும் தவறாமல் அடித்தார். வாய் அசையவில்லை.

"என்னம்மா, ரகசியத்தை ஒப்படைச்சிட்டாரா?" என்று சிரித்தார் செயலாளர்.

"ஒப்படைச்சிட்டாரு சார்" என்றேன்.

ரகசியம் சாரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வெளியே சொல்லாதே என்றீர்கள் சார். இத்தனை நாளும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான், உங்களை நினைத்துக்கொண்டு, தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்.