அருவிக்கரை விசிலும் அக்காளின் பங்குகளும்

தென்காசி,
சாரல் விடாத திங்கட்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை முத்துச்செல்வத்துக்கு,

அத்தான் சுந்தரபாண்டியன் எழுதுவது. இங்கே நான் நலம், சாரல் நலம், உன் அக்காள் தங்கத்தாயும் நலம்தான், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர. மும்பையில் நீயும் பிள்ளைகளும் நலம்தானே? போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்றுதான் தாளை எடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீ அவளுக்குத் திறந்து கொடுத்த டீமேட் கணக்குதான். பங்குகள் காகிதமாக இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும் பெட்டி அது என்று நீ சொன்னபோது எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனால் அதன்பின் வீட்டில் பேச்சே மாறிவிட்டது. செங்கோட்டைப் பக்கம் பரோட்டா தின்னப் புறப்பட்டால், "மூணோட நிறுத்திக்கிடணும், அதான் ஒங்க ஸ்டாப் லாஸ்" என்கிறாள். விலை இதற்குக் கீழே இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே போட்டு வைக்கும் கோடாம் அது. பரோட்டாவுக்கு எதற்குக் கோடு? சந்தை சரிந்தாலோ, "சும்மா கரெக்‌ஷன், ஏறுன வெல கொஞ்சம் எறங்குது" என்று சொல்லிவிட்டுப் புளி கரைக்கப் போய்விடுவாள்.

போன வியாழக்கிழமை சுரண்டையில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனவள், போனை மறந்து வைத்துவிட்டாள். அதில் பங்குக் கணக்கைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சிவப்பு, விலை இறங்கிக் கிடந்தது. மாப்பிள்ளை, வருஷக்கணக்காகக் குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து பார்த்தவன் நான். அருவித் தண்ணீர் நிறம் மாறினால் வெள்ளம் வருகிறதென்று அர்த்தம், யாரையும் கேட்க மாட்டேன். விசிலை ஊதி, தலை நிறைய நுரையோடு நிற்பவனையும் கரையேற்றிவிட்டுத்தான் மூச்சு விடுவேன். அதே பதற்றத்தில் ஒவ்வொரு பங்காகத் தட்டி, 'விற்க' என்று கொடுத்தேன். ஓடிபி கேட்டது. ஓடிபியை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஆலங்குளம் வரைக்கும் போய்க் கூட்டம் போட்டுப் பேசியவன், பெண்டாட்டியின் ஓடிபியை நானே எடுத்தேன். பச்சை டிக் விழுந்தது. எல்லாரையும் கரையேற்றிவிட்ட நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் சந்தை ஏறிவிட்டது. அருவியென்றால் தண்ணீர் தெளிந்ததும் கூட்டத்தைத் திரும்ப உள்ளே விடலாம். இங்கே யாரை விடுவது?

அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "வீடு ஒங்க பேருல. வயக்காடு ஒங்க அப்பா பேருல. கேஸ் கனெக்‌ஷன்கூட ஒங்க பேருல. எம் பேருல இருந்தது அது ஒண்ணுதான்" என்றாள். அவ்வளவுதான். மாப்பிள்ளை, கூடவே இருந்தும் இது எனக்குத் தோன்றவே இல்லையே.

அன்றிலிருந்து காப்பி நான்தான் போடுகிறேன், தேங்காயும் நான்தான் துருவுகிறேன். அவள் வாய் திறக்கக் காணோம். நீதான் அவளுக்குப் போன் போட்டுச் சமாதானம் செய்ய வேண்டும். அதே பங்குகளை அவள் பேரிலேயே திரும்ப வாங்க வேண்டும். விலை கூடுதலென்றால் என் பென்ஷனிலிருந்து தருகிறேன்.

சாஸ்தா உங்கள் எல்லாரையும் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

பிரியமுள்ள அத்தான்,
சுந்தரபாண்டியன், எஸ்.ஐ. (ஓய்வு)

பின்குறிப்பு: தம்பி, அக்காள் எழுதுகிறேன். உன் பின்கோடு தெரியாமல் கவரை என்னிடமே நீட்டினார் உன் அத்தான். ஒட்டாமல் இருந்தது, படித்துவிட்டேன். ஒரு பங்குகூட விற்கவில்லை. மனுஷனுக்கு நஷ்டத்துக்குக் கொடுக்க மனசு வராமல், முந்தின நாள் விலையை லிமிட் என்று போட்டிருக்கிறார். அந்த விலை வந்தால்தான் விற்கும். சரிந்து கிடந்த சந்தையில் அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? சாயங்காலம் ஆர்டர் தானாக ரத்தாகிவிட்டது. அவர் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்திலேயே போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் காப்பி வந்துவிட்டது. நல்ல காப்பி. அதனால் ஒரு வாரத்துக்கு நீ போன் பண்ணாதே.

இன்னொன்று. எனக்குப் பிறகு இதெல்லாம் யாருக்கு என்று கேட்கும் நாமினி இடத்தில் உன் பெயரைத்தான் போட்டு வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அதை எடுத்துவிட்டு அத்தான் பெயரைப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.