செவலைக்காக ஓடிய மோட்டார்

அந்தத் தீபாவளியன்று எங்கள் லாட்ஜில் இருந்தது நான், பிட்டர் அண்ணாச்சி, அவருடைய செவலைப் பூனை. மற்ற எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ராஜபாளையத்தில் எத்தனையோ மெஷின் உண்டு. மனிதரே மெஷினாக ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணாச்சி நூல் மில்லில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். வெடிச்சத்தத்துக்குத் திரும்பமாட்டார்; மெஷின் நின்றால் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவார். முந்தின தீபாவளிக்குச் செவலையின் தாய் சரவெடிக்கு மிரண்டு, ஓட்டுக்கூரைச் சந்து வழியே பாய்ந்தது. திரும்பவே இல்லை. இப்போது செவலை நிறைசினை.

"அண்ணாச்சி, இருட்டு ரூம்ல துணி போட்டு வச்சா போதும்னு நெட்ல போட்டிருக்கு" என்றேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"நெட்டு மில்லுல வேல பாத்திருக்கா? சத்தத்த சத்தத்தாலதாம்ல அமுக்கணும்."

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே பழைய மோட்டாரில் தகர டப்பாவைக் கட்டி ஓடவிட்டார். அந்தக் கடகடப்பில்தான் செவலைக்குச் சோறு, தூக்கம் எல்லாம். கூரைச் சந்தில் கழிவுப் பஞ்சை அடைத்தார். தீபாவளிக் காலையில் தெருவே அதிர்ந்தது. செவலை கொட்டாவி விட்டது.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.

மோட்டார் நின்ற நொடியில் செவலை விழித்தது, அண்ணாச்சியைப் போலவே. வெளியே ஒரு பத்தாயிரம்வாலா. ஒரே தாவலில் செவலை சுவரேறிப் பஞ்சைப் பிய்க்க ஆரம்பித்தது.

அண்ணாச்சி தகர டப்பாவைக் கையில் எடுத்துத் தட்டிக்கொண்டே வாயைத் திறந்தார். "கடகடகடகட..."

அச்சு அசல் அதே மோட்டார்! செவலையின் காது திரும்பியது. மெல்ல இறங்கி அவர் மடியில் படுத்தது.

அரைமணி நேரம் கழித்து என்னைப் பார்த்துக் கைகாட்டினார். முதல் பட்டதாரி வாயைத் திறந்தேன். செவலை தலையைத் தூக்கி முறைத்தது.

"ஏலே, ஸ்பீடு பத்தல. பெல்ட்டு லூசா?"

வேகத்தைக் கூட்டினேன். வன்னியம்பட்டியிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"எங்கல இருக்க? கறி ஆறுது."

"கடகட... வாரேம்மா... கடகட..."

"பஸ்ஸுல ஏறிட்டியா! நல்லாப் பிடிச்சு உக்காரு."

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. மறுநாள் செவலை நான்கு குட்டி போட்டது. அண்ணாச்சிக்கு மூன்று நாள் குரலே இல்லை. அவர் தொண்டைக்கு நான் வாங்கிய பாலும் பனங்கற்கண்டும் எழுபது ரூபாய். அதில் கற்கண்டை மட்டும்தான் அவர் சாப்பிட்டார்.